தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள், கதைதான் பிடிபடவில்லை

வணக்கம். காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்தில், மாலையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருகிறேன். சரளமாகவே படிக்கிறார்கள். ஆனால் வடை தூக்கிய காகத்தின் கதையில், "நரி ஏன் பாடச் சொன்னது?" என்று கேட்டால், "பாட்டுக் கேட்க" என்கிறார்கள். நரி சொன்னது வேறு, நினைத்தது வேறு என்பது பிடிபடவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

கதைமாந்தர், சிக்கல், முடிவு ஓரளவு வருகிறது. களம், அதாவது கதை நடக்கும் இடம், என்றால் முழித்தார்கள். அப்புறம் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நம்மூர் வீட்டின் பகுதிகளையே களமாக்கி, "காகம் எங்கே உட்காரும்?" என்றதும் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள்.

காரணத்தை நேராகச் சொல்லாமல் ஊகிக்க விடும், ஒரு பக்கக் கதைகள் இருந்தால் பகிருங்கள். அதைப் படித்ததும் பிள்ளைகளிடம் என்ன கேள்வி கேட்டீர்கள் என்றும் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.