டீசல் லைனில் ‘ஏர் லாக்’: ஒரு சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

லாரிப் பராமரிப்புக் கையேட்டில் ‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற பகுதி பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. எடுத்துக்கொண்டவை பழைய வண்டிகள்: டாடா 1210, லேலண்ட் காமெட் போல இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தள்ளுகோல் வீதம் வரிசையாக வைத்த டீசல் பம்ப்) வைத்தவை. பாட்டரி, செல்ஃப் மோட்டார் வரை சொற்களில் சிக்கல் இல்லை. டீசல் பக்கம் வந்ததும் ஏர் லாக் (டீசல் பைப்பில் காற்று சிக்குவது), பிளீடிங் (அந்தக் காற்றை வெளியே எடுப்பது), பிரைமிங் (பைப்பில் டீசலை ஏற்றி நிரப்புவது) என்று மூன்று வந்து நிற்கின்றன. காற்றடைப்பு, காற்று வெளியேற்றம், முன்னிரப்பல் என்று எழுதி வைத்திருக்கிறேன். பட்டறையில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

(கையேட்டுத் தொகுப்பு)

———

மறு: டீசல் லைனில் ‘ஏர் லாக்’: ஒரு சொல் போதுமா?

> காற்றடைப்பு, காற்று வெளியேற்றம், முன்னிரப்பல்

ஐயா, முதல் சொல்லே தப்பான இடத்துக்கு அனுப்பும். அடைப்பு என்று படித்தவன் ஃபில்டரைக் கழற்றிக் குப்பை தேடுவான். லைனில் குப்பை அடைப்பதும் உண்டு, அது வேறு பழுது. ‘காற்று வெளியேற்றம்’ என்றால் புகைக்குழாய்ப் பக்கம் நினைவு போகிறது. ‘முன்னிரப்பல்’ பாரம் நிரப்பும் படிவம் போல இருக்கிறது.

சொல்லை விட்டுவிட்டு முதலில் பழுதைப் பார்ப்போம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. முதலில் ஸ்டாப் கேபிள், அதாவது எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி. துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தால் பம்பின் லீவர் ‘நிறுத்து’ நிலையிலேயே இருக்கும், டீசல் போகாது. பானெட்டைத் தூக்கி லீவரைக் கையால் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதை விட்டுவிட்டு நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) வரை கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது புகை. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகையும் வேகாத டீசல் வாடையும் வந்தால் டீசல் போய்ச் சேர்கிறது, எரியவில்லை என்று பொருள். கம்ப்ரஷன், பம்ப் டைமிங், செல்ஃப் சுற்றும் வேகம் ஆகியவற்றைப் பாருங்கள். 24 வோல்ட் வண்டியில் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் இரண்டு பாட்டரியும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரியையும் எர்த் பட்டையையும் கவனிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் நாசிலுக்குப் போகவில்லை. நம் சொல் வேண்டியது இங்கேதான்.

காற்று ஏன் வண்டியை நிறுத்துகிறது? இன்லைன் பம்ப் ஒரு வீச்சில் ஒவ்வொரு நாசிலுக்கும் தள்ளுவது ஒன்றிரண்டு துளி டீசல். பழைய நாசில் திறக்க 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். டீசல் அமுங்காது, அதனால் அந்தத் துளியே அழுத்தத்தை அப்படியே கொண்டு சேர்க்கும். நடுவில் குமிழ் இருந்தால் குமிழ் அமுங்கும், விரியும், மறுபடி அமுங்கும். நாசில் திறக்காது. பைப்பில் டீசல் இருந்தும் வண்டி பிடிக்காது.

இந்தக் காற்று மூன்று வழியில் வரும். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் பழுது பார்ப்பதே கெட்டுப்போகும்.

ஒன்று, ஃபில்டர் மாற்றியபோதோ, டாங்க் வறண்டு வண்டி நின்றபோதோ உள்ளே தங்கிவிட்ட காற்று. இதைத்தான் ‘ஏர் புடிச்சிருச்சு’ என்கிறார்கள். ஒருமுறை எடுத்துவிட்டால் தீர்ந்தது. காற்றுப்பிடிப்பு என்று எழுதலாம்.

இரண்டு, ஓடும்போதே காற்று உள்ளே வருவது. ‘ஏர் இழுக்குது’ என்பார்கள். டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டாங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்கு அனுப்பும் சின்ன பம்ப்) வரை உள்ள பைப் உறிஞ்சப்படும் பக்கம், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியில் ஈரமே இருக்காது, அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். ஃபீட் பம்பைத் தாண்டிய பக்கம் ஒன்று, இரண்டு பார் அழுத்தம் இருப்பதால் அங்கே கசிந்தால் டீசல் சொட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். காற்றிழுப்பு என்று தனியாகப் பெயர் வைக்க வேண்டும். எத்தனை முறை காற்று எடுத்தாலும் இது தீராது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும்.

மூன்று, ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் பிடிக்காமல், ஹேண்ட் பம்ப் (ஃபீட் பம்பின் மேல் இருக்கும், கையால் அடிக்கும் பம்ப்) அடித்ததும் பிடிப்பது. ஃபீட் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வின் அடியில் தூசி உட்கார்ந்திருக்கும், டீசல் டாங்குக்குத் திரும்பிவிடும், அந்த இடத்தில் காற்று வந்து நிற்கும். கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு கசிந்தால் ‘தண்ணி இறங்கிப்போச்சு’ என்று விவசாயி சொல்வது இதே விஷயம்தான். டீசல் இறக்கம் என்று வைத்தால் விளக்கமே வேண்டாம்.

(டீசல் பம்ப் பட்டறை, நாமக்கல்)

———

மறு: மறு: டீசல் லைனில் ‘ஏர் லாக்’

மூன்றாகப் பிரித்தது சரி. சொற்களில் எனக்கு இரண்டு தயக்கம்.

வாயுப்பிடிப்பு, இழுப்பு இரண்டுமே நம் வழக்கில் நோய்ப் பெயர்கள். காற்றிழுப்பு என்று தலைப்புப் போட்டால் ஆஸ்துமா கட்டுரை என்று நினைத்துவிடுவார்கள். இன்னொன்று, எஞ்சினே காற்றை உள்ளிழுத்துத்தான் ஓடுகிறது. அந்த வேலையோடு இந்தப் பழுது குழம்பாதா? ‘காற்றுக்கசிவு’ என்றால் என்ன குறை?

(மொழித் திருத்தம்)

———

மறு: மறு: மறு: டீசல் லைனில் ‘ஏர் லாக்’

> ‘காற்றுக்கசிவு’ என்றால் என்ன குறை?

கசிவு என்றால் உள்ளிருந்து வெளியே போவது. டயரில் காற்றுக் கசிகிறது, ஏர் பிரேக் டாங்கில் கசிகிறது. இங்கே திசை தலைகீழ். கசிவு என்று படித்தவன் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பான், வராது.

எஞ்சின் உள்ளிழுப்பதை ‘உறிஞ்சு வீச்சு’ என்று எழுதுகிறோம், அதனால் குழப்பம் வராது. நோய்ப் பெயர் என்பது எனக்குக் குறையாகவே படவில்லை. வண்டி நோயில்தானே நிற்கிறது!

காற்றிழுப்பைக் கண்டுபிடிக்கும் முறையையும் பதிவில் சேர்க்க வேண்டும். ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் ஹோசைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோசை மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப் இறுக்குங்கள். ஹேண்ட் பம்ப் அடிக்கும்போது ஹோசில் குமிழ் தொடர்ந்து வந்தால் காற்று அதற்கு முன்னால் நுழைகிறது. அடுத்து, டாங்கையே விலக்கிவிட்டு ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை உயரமாக வைத்து நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். வண்டி பிடித்து நின்று ஓடினால் பழுது டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்.

அந்த இடைவெளியில் பார்க்க வேண்டியவை: வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பர் ஹோஸ், ஃபீட் பம்பின் அடியில் இருக்கும் வலைக்கிண்ணத்தின் வாஷர், பேஞ்சோ போல்ட்டின் (டீசல் உள்ளே போகத் துளையிட்ட, பைப்பை இணைக்கும் போல்ட்) காப்பர் வாஷர், பிறகு டாங்குக்குள் இறங்கும் பைப். கடைசியாகச் சொன்னது ஆளை ஏமாற்றும். பைப்பின் நடு உயரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால், டாங்க் முக்கால் நிறைந்திருக்கும்வரை விரிசல் டீசலுக்குள் மூழ்கியிருக்கும், வண்டி ஒழுங்காக ஓடும். மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்றிழுக்கும். ‘டீசல் போட்டா சரியாகுது, கால் டாங்குல நிக்குது’ என்று டிரைவர் சொன்னால் நேராக அங்கே போங்கள்.

காப்பர் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது. கிடைக்காத இடத்தில் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், மறுபடி அமரும்.

(நாமக்கல்)

———

மறு: பிளீடிங்?

பிளீடிங்குக்கு ‘காற்றெடுப்பு’ போதும், பட்டறைச் சொல்லும் அதுதான். ‘காற்றிறக்கல்’ வேண்டாம். அது டயருக்குப் போய்விட்டது. ஹைட்ராலிக் பிரேக்கிலும் கிளச்சிலும் செய்வது இதே வேலைதான் என்பதால் அங்கேயும் காற்றெடுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

வரிசை முக்கியம். டாங்க் பக்கத்திலிருந்து நாசில் பக்கமாகப் போக வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பின் கைப்பிடியைத் திருகி மேலே எடுத்து அடியுங்கள். முதலில் நுரை, அப்புறம் விட்டு விட்டு டீசல், அப்புறம் குமிழில்லாத ஒரே தாரை. தாரை வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும், நின்றபின் இறுக்கினால் காற்று திரும்பிவிடும். இரட்டை ஃபில்டர் என்றால் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவது. பிறகு பம்பின் உடம்பில் இருக்கும் திருகு. முடிந்ததும் ஹேண்ட் பம்பின் கைப்பிடியை அழுத்தித் திருகி மூட மறக்கக்கூடாது, தளர்ந்திருந்தால் அதுவே காற்றிழுக்கும் வழியாகிவிடும்.

இதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் நாசில் முனையில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடியுங்கள். பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடித்தால் செல்ஃப் மோட்டார் கருகும், ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். டீசல் துடித்து வரும் நட்டை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் ஆறு நட்டும் முடிவதற்குள்ளேயே வண்டி பிடித்துவிடும். பீச்சலுக்கு நேரே கை வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இந்தப் பத்தியைக் கையேட்டில் கட்டம் போட்டு ‘இன்லைன் பம்ப் வண்டிக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) அழுத்தம் 1000 பாருக்கு மேல். அங்கே ஓடும்போது நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து.

(பஸ் பணிமனை)

———

மறு: மறு: பிளீடிங்?

அப்படியானால் பதிவு இப்படி: காற்றுப்பிடிப்பு, காற்றிழுப்பு, டீசல் இறக்கம் மூன்றும் பழுதின் பெயர். காற்றெடுப்பு செய்யும் வேலை. ‘முன்னிரப்பல்’ நீக்கப்படுகிறது, ‘டீசல் ஏற்றல்’ என்று வைக்கிறேன். ‘ஏர் லாக்’ என்று தேடி வருபவர் மூன்று பழுதையும் பார்க்கும்படி சொல்லடைவில் சுட்டுகிறேன்.

ஹேண்ட் பம்ப் மட்டும் பாக்கி. கைப்பம்பு என்றால் தெருக் குழாய் நினைவு வருகிறது. பட்டறையில் வேறு பெயர் ஏதும் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ஹேண்ட் பம்ப் என்றே அச்சுக்குப் போகும்.

(கையேட்டுத் தொகுப்பு)