ஆங்கில மொழி நாள்: கடற்கரைப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

தேவிபட்டினம் வாசகர்:
ஐக்கிய நாடுகள் அவை 2010 முதல் ஏப்ரல் 23-ஆம் நாளை, ஷேக்ஸ்பியரின் நினைவு நாள் என்பதால், ஆங்கில மொழி நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. அன்று மாலை எங்கள் நூலகத்தில் மாணவர்களுக்காக ஒரு கூட்டம் நடத்த எண்ணியுள்ளோம். ஊர்ப் பெரியவர்கள் சிலர், "வெள்ளைக்காரன் மொழிக்கு இங்கே விழா எதற்கு?" என்று கேட்கிறார்கள், கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கடலைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் உலகப் பயன்பாட்டைப் புரியவைக்க ஷேக்ஸ்பியரைத் தவிர வேறு என்ன சொல்லலாம்?

பாம்பன் மாலுமி (ஓய்வு):
தம்பி, கப்பலில் பேசும் ஆங்கிலத்தைச் சொல்லுங்கள். 1990-இல் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் சென்ற ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் தீப்பற்றி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊழியர்கள் தங்களுக்குள்ளும் பயணிகளிடமும் பேசிப் புரியவைக்க முடியாமல் தவித்தது அந்த விபத்தில் வெளிப்பட்ட பெரிய குறை. அதன் பின்னரே பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, கடலில் பேச வேண்டிய ஆங்கிலத் தொடர்களை வரையறுத்துத் தொகுத்து, 2001-இல் ஏற்றுக்கொண்டது.

அது இலக்கிய ஆங்கிலம் அன்று. வேண்டுமென்றே சுருக்கப்பட்ட ஆங்கிலம். அனுமதியா, வாய்ப்பா என்று ஐயம் தரும் 'மே', 'மைட்' போன்றவற்றை அதில் தவிர்ப்பார்கள். சொல்லப்போவது எச்சரிக்கை என்றால் 'வார்னிங்', கேள்வி என்றால் 'கொஸ்டின்' என்று முதலிலேயே அறிவித்துவிடலாம். இயந்திர இரைச்சலில் 'ஃபிஃப்டீன்' என்பது 'ஃபிஃப்டி' என்று காதில் விழக்கூடும் என்பதால், 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகவே உச்சரிக்க வேண்டும். என்னுடன் பணியாற்றிய பிலிப்பைன்ஸ்காரருக்கும் உக்ரைன்காரருக்கும், எனக்கும், ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஆயினும் இரவு நேரத்தில் எதிரே வரும் கப்பலுக்கு வழிவிடும் பேச்சை நாங்கள் அதில்தான் முடித்தோம்.

தொண்டிக்காரர்:
மாலுமி ஐயா சொன்னது அனைத்தும் சரி. ஆனால் ஆங்கிலம் தன் தகுதியால் மட்டுமே பரவியது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1795-இல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறைவைத்த கிழக்கிந்தியக் கும்பினியாரின் மொழியும் அதுதான்; பேரரசும் பின்னர் அமெரிக்க வணிகமும் இல்லையென்றால் அது இவ்வளவு தூரம் வந்திருக்காது. இதையும் கூட்டத்தில் பேசினால் பெரியவர்களின் மனக்குறை பாதி தீரும். மேலும், ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுக்கும் தனித்தனி நாள் உண்டு. அதே ஏப்ரல் 23 ஸ்பானிய மொழிக்கும் உரியது.

கீழக்கரை சபுராளி:
உலகில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரைவிட, பிறகு கற்றுக்கொண்டு பேசுவோரே அதிகம். வளைகுடாவில் நேபாளியிடமும் எகிப்தியரிடமும் நான் பேசியது அரைகுறை ஆங்கிலம்தான். அங்கே யாரும் என் இலக்கணத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தபோதுதான் சிரித்தார்கள்! பிழைக்கு அஞ்சாமல் பேச அன்று ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தேவிபட்டினம் வாசகர்:
அனைவருக்கும் நன்றி. மாணவர்களை இரண்டு கப்பல்களாகப் பிரித்து, வயர்லெஸ்ஸில் பேசுவதுபோல் நடிக்கச் செய்யலாம் என்று தோன்றுகிறது. அதற்கு மீனவர்களின் கருவிகளை இரவல் வாங்கலாமா?

பாம்பன் மாலுமி (ஓய்வு):
வேண்டாம். அந்தக் கருவிகளில் சேனல் 16 என்ற அலைவரிசை ஆபத்து அழைப்புக்கு உரியது. விளையாட்டாக அதில் 'மே டே' என்ற ஆபத்துக் குரலைச் சொல்லிவிட்டால் கடலோரக் காவல்படை தேடக் கிளம்பிவிடும். இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு திரை கட்டினால் போதும்.