பதிலடி ஸ்பாட்லயே வருமா, ராத்திரி படுத்தப்புறம் வருமா? உங்க அனுபவத்த சொல்லுங்க

எனக்கெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன பாத்துட்டு படுத்திருக்கும்போதுதான் "ச்சே இத சொல்லிருக்கலாமே"ன்னு வரும். அதனால டக்குனு பதில் சொல்ற ஆளுங்கள பாத்தா ஒரு பொறாமை. போன மாசம் மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல டவுன் பஸ்ல ஏறினேன், பிங்க் கலர் பஸ், லேடீஸுக்கு 2021ல இருந்து ஃப்ரீதானே. ஒரு அப்பத்தா இடுப்பு உயர மூட்டையோட ஏறி வழியிலயே எறக்கி வச்சிட்டு அது மேலயே சாஞ்சு நிக்குது. கண்டக்டர் வந்து "ஆத்தா, உனக்குத்தான் ஃப்ரீ, மூட்டைக்கு லக்கேஜ் எடு"ங்கறாரு. அப்பத்தா அசரல. "மூட்டையும் பொம்பளதாய்யா, உள்ள பூராம் சேலதான்" அப்படின்னுச்சு. பஸ்ஸே சிரிக்குது. மனுசன் மொகத்துல ஒரு சிரிப்பும் இல்லாம "அப்ப லேடீஸ் சீட்ல கொண்டுபோய் உக்கார வைய்யி, ஆம்பளைங்க நிக்கிற எடத்துல எதுக்கு நிக்கிது"ன்னாரு பாருங்க! லக்கேஜ் டிக்கெட் பேச்சு அதோட காணாமப் போச்சு. யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

— ஜன்னலோர சீட்டு

சூப்பர் ப்ரோ. நான் திருவல்லிக்கேணில மேன்ஷன்ல இருந்தப்ப கீழ ஒரு மெஸ், மோர ஊத்தினா இலை தெரியும், அப்படி ஒரு மோர். ரெகுலரா வர்ற ரிடையர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் அன்னைக்கு டம்ளர தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு காளமேகப் புலவர் பாட்ட எடுத்து விட்டாரு. 15ஆம் நூற்றாண்டு ஆளு, ஆய்ச்சி குடுத்த தண்ணி மோருக்கு பாடினது: வானத்துல இருந்தப்ப கார்னு பேரு, தரைக்கு வந்ததும் நீர்னு பேரு, இவ கைக்கு வந்ததும் மோர்னு பேரு, மூணு பேரும் வாங்கிட்டியேன்னு. பரிமாறுற அண்ணன் வாளியோட நின்னு முழுசா கேட்டுட்டு, "நாலாவதா ஒரு பேரு இருக்கு சார், எக்ஸ்ட்ரா. பில்லுல வரும்"னுட்டு அடுத்த இலைக்கு போயிட்டாரு. வாத்தியார் சிரிச்சு பொரையேறி அந்த மோரையேதான் குடிக்க வேண்டியதாச்சு.

— ரூம் நம்பர் 14

அதே காளமேகம்தான் நாகப்பட்டினம் சத்திரத்துல சோறு லேட்டாச்சுன்னு வசை பாடிட்டு, சத்திரக்காரர் பயந்து வந்து கெஞ்சினதும் அதே பாட்டுக்கு புகழ்ச்சியா வேற அர்த்தம் சொல்லி சமாளிச்சாருன்னு சொல்லுவாங்க. நமக்கு அந்த ரிவர்ஸ் கியர்லாம் கிடையாதே. ஒரு கிரகப்பிரவேசத்துல சித்தி எல்லாரும் இருக்கும்போது "என்னடா முன்னாடி பூரா காலியாயிடுச்சு"ன்னு என் தலைய தடவ, நானும் பெரிய இவனாட்டம் "சித்தப்பா மாதிரி உள்ள காலியாகலயே சித்தி"ன்னுட்டேன். ஒரே ஒரு மச்சான் மட்டும் சிரிச்சான், அவனும் பாதில நிறுத்திட்டான். சித்தப்பா பக்கத்துலதான் நின்னுருக்காரு, கைல காபியோட. ஒன்றரை வருஷம் பேச்சு வார்த்தை இல்ல, அம்மாகிட்ட வாங்கினது தனிக்கணக்கு. அப்புறம் தங்கச்சி கல்யாணப் பந்தில சித்திதான் பரிமாறிட்டு வந்தாங்க. நான் குனிஞ்ச தலை நிமிரல. எல்லாருக்கும் ஒரு லட்டு, என் இலைல மட்டும் ரெண்டு விழுது. நிமிர்ந்து பாத்தேன்.

"தலையிலதான் ஒண்ணும் இல்ல, இலையிலயாவது இருக்கட்டும்."

— முன்வழுக்கை