ரோஸ்மேரித் தண்டுகள் வேர்பிடிக்க நுண்ணுயிர் உரம் உதவுமா?

மலைத்தோட்டம்:
கோத்தகிரிப் பக்கம் சிறிய நிழல்வலைக் குடிலில் ரோஸ்மேரி, தைம் இரண்டையும் தண்டு நட்டுப் பெருக்கி வருகிறேன். தைம் எளிதில் வேர்விடுகிறது. ரோஸ்மேரியோ, மழைக்காலத்தில் வேர் வருமுன்பே அடித்தண்டு கறுத்து அழுகிவிடுகிறது. இயற்கை முறையில் வளர்ப்பதால் வேர்த்தூண்டிப் பொடியைத் தவிர்க்கிறேன். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் ஆகிய நன்மை செய்யும் பாக்டீரியாக்களில் எதை, எந்தக் கட்டத்தில் கொடுக்கலாம்?

நாற்றங்கால்காரர்:
இரண்டின் வேலையும் வேறு. அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதோடு, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து இண்டோல் அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. தண்டின் வெட்டுவாயில் வேர் முளைக்கத் தூண்டுவது இந்த ஆக்சின் (தாவர வளர்ச்சி ஹார்மோன்) தான். ஆனால் கடை வேர்த்தூண்டிப் பொடியிலுள்ள இண்டோல் பியூட்ரிக் அமிலத்தைப் போல, தண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று இதில் உறுதியாகக் கணக்கிட முடியாது.

உங்களுக்கு அழுகலே முதல் தொல்லை என்பதால் சூடோமோனாஸிலிருந்து தொடங்குங்கள். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நோய்க்கிருமிகளுக்குக் கிடைக்காதபடி இரும்புச்சத்தைப் பிணைத்துக்கொள்வதுடன், அவற்றை ஒடுக்கும் சேர்மங்களையும் அது சுரக்கிறது. டால்க்கில் கலந்து விற்கும் சூடோமோனாஸ் பொடியை லிட்டர் நீருக்கு 10 கிராம் கரைத்து, தண்டின் அடிப்பகுதியை மட்டும் அரை மணி நேரம் அதில் வைத்திருந்து நடலாம்.

குன்னூர்வாசி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தண்டு நடும் ஊடகம் சேறாக இருந்தால் எந்த நுண்ணுயிரும் காப்பாற்றாது. ரோஸ்மேரி வறண்ட மத்தியதரைக்கடல் கரைகளின் செடி. தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்பாமல் நீர் வடிய உதவும் பெர்லைட் என்ற இலேசான வெண்கல் துகளைச் சரிபாதி கலந்து, பூக்காத, பாதி முற்றிய 10 செ.மீ. நுனித்தண்டுகளைக் கீழிலைகளை நீக்கி நடுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரை இரவு முழுவதும் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லி ஊற்றிய நாற்றுத்தட்டில் உடனே பாக்டீரியாவை இடுவது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம், ஏனெனில் தாமிரம் அதையும் கொன்றுவிடும்.

மலைத்தோட்டம்:
நன்றி. இரண்டையும் ஒரே கரைசலில் கலக்கலாமா?

நாற்றங்கால்காரர்:
கலக்க வேண்டாம், தனித்தனியே கொடுத்தால்தான் எது பயன் தந்தது என்று உங்களுக்குத் தெரியும். நடும்போது சூடோமோனாஸ் போதும். வெட்டுவாயில் தழும்புத்திசு திரண்டு வெண்மையான வேர்நுனி தெரிந்தபின், அசோஸ்பைரில்லத்தை மாலை வேளையில் ஊடகத்தில் ஊற்றுங்கள். அது வேர்ப்பரப்பில் குடியேறி வாழ்வது. ஆகவே வேர் இருக்கும்போது இடுவதே பொருத்தம். ஒரு தட்டுக்கு எதுவுமே கொடுக்காமல் விட்டு, ஆறு வாரம் கழித்து மற்றவற்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். உறையிலுள்ள காலாவதித் தேதியையும் கவனியுங்கள், வெயில்பட்ட பழைய பொடியில் உயிருள்ள செல்கள் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும்.