லைட் பெயின்டிங் (இருட்டில் ஷட்டரை வெகுநேரம் திறந்து வைத்து, டார்ச் வெளிச்சத்தால் வரைந்து எடுக்கும் படம்) எடுக்கப் போன இரவுகளில் மனதை விட்டுப் போகாதது எது?

கொடைக்கானலிலிருந்து:

பூம்பாறையில் தெரிந்தவர் ஒருவரின் பூண்டுத் தோட்டம். ஓரத்தில் கூரை போன கல் கொட்டகை. அமாவாசை இரவு. எஃப் 8, ஐஎஸ்ஓ 200, வேண்டும் வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் பல்ப் மோடில் நாலு நிமிடம். ட்ரைபாட் பக்கத்திலேயே நின்று டார்ச்சால் சுவரை மேலும் கீழுமாகத் தடவினேன். ஷட்டரை மூடியதும், படத்தில் விழும் நாய்ஸை, அதாவது தேவையில்லாத புள்ளிகளை, குறைக்க கேமரா இன்னொரு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது. சும்மா நிற்பானேன் என்று டார்ச்சை அணைத்துவிட்டு நடந்து போய் அந்தச் சுவரிலேயே சாய்ந்து நின்றேன். பின்னால் பெரிதாக ஒரு மூச்சு கேட்டது. காற்று என்று நினைத்தேன்.

திரும்பி வந்தால் திரையில் படம். சுவருக்கு மேலே, வலது ஓரத்தில், பச்சையாக இரண்டு புள்ளிகள். காட்டுமாடு. நான் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால். இரண்டு வருடமாகிறது, அந்த மூச்சு காதை விட்டுப் போகவில்லை.

கோத்தகிரியிலிருந்து:

எனக்கு மறக்காதது அம்மாவின் கை. சின்ன எல்இடி டார்ச்சைக் கொடுத்து, காற்றில் கோலம் போடச் சொன்னேன். எழுத்து எழுதினால் கேமராவுக்கு இடவலம் மாறித் தெரியும். கோலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. "புள்ளியை எங்கேடி வைக்கறது?" என்று கேட்டார். மனசிலேயே வெச்சுக்கோங்கம்மா என்றேன். ஒவ்வொரு இழை முடியும்போதும் கட்டைவிரலால் டார்ச்சை மூடினார், தரையில் மாவை நிறுத்திக் கையைத் தூக்குவது போலவே. நான் சொல்லித் தரவில்லை. 1949ல் ஓவியர் பிக்காஸோ சின்ன விளக்கால் காற்றில் வரைய, புகைப்படக்காரர் ஜான் மிலி எடுத்த படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அம்மாவின் விரல்தான் பெரிதாகத் தெரிந்தது.

டிசம்பர் மாதம். லென்ஸில் பனி படிந்ததை நான் கவனிக்கவே இல்லை. படத்தில் பாலைக் கொட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டுதான் இருந்தது. அம்மா மறுபடியும் போட்டார். அந்தக் கோலம் வரவில்லை.

ஊட்டியிலிருந்து:

முதலில் எழுதியவருக்கு: விலங்கின் கண், வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் டார்ச் கேமரா பக்கத்தில் இருந்தபோது படத்தில் விழுந்தது. அப்படியென்றால் உங்கள் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே? அது காட்டுமாடுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், கடமானாகவும் இருக்கலாம்.

என் கதை சின்னது. பிப்ரவரியில் நண்பர்களோடு ஸ்டீல் வுல்லை, அதாவது மெல்லிய இரும்பு நாரை, பற்றவைத்துப் பொறி பறக்கச் சுற்றினோம். ஒரு பொறி காய்ந்த புல்லில் விழுந்து ஒரு பாய் அகலத்துக்குப் பிடித்துவிட்டது. ஜெர்கினால் அடித்து அணைத்தோம். புல் கருகிய அந்த வாசனை வந்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

தயவுசெய்து மலையில் யாரும் அதைச் சுற்ற வேண்டாம். பனிக்காலத்தில் புல்வெளி முழுக்கக் காய்ந்துதான் கிடக்கும், சோலைக்குள் தீ போனால் மீண்டு வர எத்தனை தலைமுறை ஆகுமோ. டார்ச்சே போதும். மூடுபனி இருந்தால் கேமரா பக்கத்திலிருந்து அடிக்காதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிப் படம் வெளுத்துவிடும், பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் பிடிக்காது. பொருளின் மேல் டார்ச் அடித்து ஃபோகஸ் வைத்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கோத்தகிரி அக்கா, சூடு தரும் பொட்டலம் ஒன்றை லென்ஸைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டினால் பனி படியாது. அம்மாவை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

நன்றி தம்பி. அம்மாவுக்கு இப்போது கை நடுங்குகிறது.

கொடைக்கானலிலிருந்து:

ஊட்டி அண்ணா, நாலு நிமிடமும் என் கண் செல்போன் ஸ்டாப்வாட்சில்தான் இருந்தது. சுவர் என் நெஞ்சளவு உயரம், கண்கள் அதற்கும் மேலே. காலையில் தோட்டக்காரரோடு போய்ப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஈர மண்ணில் என் கையை விரித்து வைக்கிற அளவுக்குக் குளம்புத் தடம். இரண்டு பூண்டுப் பாத்தி மிதிபட்டிருந்தது. "ராத்திரி முழுக்க இங்கேதான் நின்னிருக்கு" என்றார்.

தடத்திலிருந்து சுவருக்கு அளந்தேன். ஒன்றரை அடி.