புதுப்பிப்பு: அப்பாவின் வறட்டு இருமல் நின்றுவிட்டது

ஒன்றரை மாதத்துக்கு முன் அப்பாவின் வறட்டு இருமலுக்குக் கைவைத்தியம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் சித்தரத்தைக் கஷாயம். காரம் தாங்காமல் இருமல் கூடியது. அடுத்து அதிமதுரம். சிறு துண்டை வாயில் அடக்கிக்கொண்டார். இனிப்புச் சாறு மெல்ல இறங்க இறங்கத் தொண்டை அரிப்பு தணிந்தது. அன்றிரவு விடியும்வரை தூங்கினார். ஆனால் சில நாள்களில் ரத்த அழுத்தம் 160-ஐத் தொட்டது. அதிமதுரம் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்று மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று ஒருவர் கேட்டிருந்தீர்களே, விடை அதில்தான் இருந்தது. அழுத்தத்துக்கான எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். மூன்றாம் வாரம் இருமல் முற்றிலும் நின்றது.