மலைக்கிராமத்தில் ஒரு நாள் முகாம், பயன் உண்டா?

பயிற்சி டாக்டர்:
ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு மலைக்கிராமத்தில் இலவச முகாம் போடுகிறோம். போன தடவை ஒரு பாட்டிக்கு பிரஷர் 190, கையில் இருந்த பத்து நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டோம். பதினோராவது நாள் அவர் என்ன செய்வார்? அதிலிருந்து மனசே சரியில்லை. இதை எப்படி உருப்படியாகச் செய்வது?

நர்ஸ் அக்கா:
தம்பி, மாதம் ஒரு ஊர் என்று அலையாதீர்கள். ஒரே ஊர், ஒரே கிழமை, ஆள் பெயர் எழுதிய நோட்டு. அப்புறம் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இருக்கிறது. பாட்டி பெயர் அதில் ஏறினாலே பாதிக் கவலை தீரும்.

களப்பணி:
அக்கா சொல்வது சரி, ஆனால் ஊருக்குள்ளேயே ஒருவர் தயாராகாமல் எதுவும் நிற்காது. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பச்சிளம் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வது, கிருமித் தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, ஊசி போடுவது வரை அந்தப் பெண்களே செய்தார்கள். 1999-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. இன்று ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் பிரசவமான வீட்டுக்கு 42 நாள் வரை போய்ப் பார்ப்பது இதன் தொடர்ச்சிதான். நம் தர்மபுரி சித்தேரி மலைக்குப் பக்கத்தில் சிட்லிங்கியிலும் 1993-இல் ஒரு டாக்டர் தம்பதி குடிசையில் ஆரம்பித்து, பழங்குடிப் பெண்களையே நர்ஸாக வளர்த்தார்கள். ஒரு வாரம் போய் இருந்து பாருங்கள்.

மலைக்காரன்:
ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வராததற்கு அறியாமைதான் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். போனால் அன்றைய கூலி போச்சு, துணைக்கு வருபவர் கூலியும் போச்சு, அங்கே போனதும் “ஏன் இவ்வளவு லேட்டா வந்தே” என்று திட்டு. நீங்கள் திட்டாமல் பேசினாலே அடுத்த தடவை வருவார்கள். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் சாயங்காலத்தில் முகாம் வையுங்கள்.

பயிற்சி டாக்டர்:
சாயங்காலம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. வியாழக்கிழமை செவிலியரைப் பார்க்கப் போகிறேன், பாட்டி வீட்டுக்கும்.